தலைக்குக் குளிக்காத தீபாவளி

கங்கில் கிடந்த பித்தளைச் சீப்பை எடுத்து ஈரத்துணியில் ஒரு தரம் ஒற்றினாள் சின்னம்மா. துணி சுர்ரென்று சத்தம் போட்டது. "ஆடாம இரு. ஆடினா காது பொசுங்கிரும்" என்றாள்.

நான் ஆடவில்லை. மூச்சைக்கூடப் பாதியில் நிறுத்திக்கொண்டேன். விளக்கெண்ணெய் தடவிய முடியில் சீப்பு இறங்கியதும் குப்பென்று புகை கிளம்பியது. கோழியைத் தீயில் வாட்டும்போது வருமே, அந்த நாற்றம். அது என் தலையிலிருந்துதான் வருகிறது என்பது உறைக்கவே கொஞ்ச நேரம் ஆனது. கதவோரம் நின்ற அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, பிள்ளையைக் கொளுத்திவிடாதே என்று தங்கையிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

தீபாவளிக்கு முந்தின நாள் மத்தியானம் அது. வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. அறுபதுகளின் கடைசி என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷத்தைக் கேட்டால் எனக்குச் சண்டை போடத்தான் தெரியும், சரியாகச் சொல்லத் தெரியாது.

ஒரு பக்கம் முடிந்ததும் சின்னம்மா கண்ணாடியைக் கையில் கொடுத்தாள். பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வலது பாதியில் எப்போதும்போலத் தோளுக்கு மேலே சுருண்டு நிற்கும் என் முடி. இடது பாதியில் வேறு யாரோ ஒருத்தியின் முடி, வழுவழுவென்று இடுப்பைத் தாண்டித் தொங்கிக்கொண்டிருந்தது. தொட்டுப் பார்த்தேன். இன்னும் சூடாக இருந்தது.

என் தலையில் இவ்வளவு நீள முடி இருந்ததா? இத்தனை வருஷமாக எங்கே ஒளிந்திருந்தது? சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் எனக்கு அழுகை முட்டியது. கண்ணாடியில் பாதி நான், பாதி வேறொருத்தி. பார்க்கப் பயமாக இருந்தது. சின்னம்மா அழுகைக்கும் தடை போட்டாள். கண்ணீர் பட்டால் காதோர முடி சுருண்டுவிடுமாம்.

முடி செய்த குற்றம்

எங்கள் வீடு காரைக்குடியின் ஓரத்தில் இருந்தது. அப்பாவை நாங்கள் அய்யா என்றுதான் கூப்பிடுவோம். அய்யாவுக்குச் சுண்ணாம்புக் காளவாய். கானாடுகாத்தான் பக்கத்துப் பெரிய வீடுகளில் சுவரை முகம் தெரிகிற மாதிரி இழைக்கிறார்களே, அந்த வேலைக்கெல்லாம் எங்கள் காளவாயிலிருந்து வண்டி வண்டியாகச் சுண்ணாம்பு போகும். அய்யா அதிகம் பேச மாட்டார். அவருக்கும் சேர்த்து நான் பேசிவிடுவேன்.

என் முடி பிறவியிலேயே சுருட்டை. நெற்றியில் அழகாக ஒரு சுருள் விழுமே, அந்த மாதிரி இல்லை. தலை முழுக்கக் கம்பிச் சுருள். பள்ளிக்கூடத்தில் பின்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் பென்சிலைச் செருகிவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். மணி அடிக்கும் வரை விழாது. மழைக்காலம் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், தலை இரண்டு மடங்காகிவிடும்.

கல்யாண வயது வந்தபோதுதான் அது விளையாட்டு இல்லை என்று தெரிந்தது. முதலில் பார்க்க வந்தவர்கள் பலகாரத்தைத் திருப்தியாகச் சாப்பிட்டுவிட்டுப் போய், முடி கட்டையாக இருக்கிறது என்று சொல்லியனுப்பினார்கள். அடுத்து வந்தவர்கள், சுருட்டை முடிக்காரி பிடிவாதக்காரியாக இருப்பாள், எங்களுக்குச் சரிப்பட்டு வராது என்றார்கள். நான் பிடிவாதக்காரிதான், மறுக்கவில்லை. அதற்கு முடி என்ன செய்யும்?

இரண்டு இடம் தட்டிப்போனதும் வீட்டில் எல்லோருடைய குரலும் இறங்கிவிட்டது. இதற்குள் திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் ஆள் அனுப்பிக் கேட்டுவிட்டார். மனைவியை இழந்தவர், இரண்டு பிள்ளைகள், அய்யாவைவிடக் கொஞ்சம்தான் இளையவர். தீபாவளி கழிந்ததும் பதில் சொல்வதாக அய்யா தவணை வாங்கியிருந்தார். வேறு இடம் அமையாவிட்டால் அவருக்கே தலையாட்டிவிடுவது என்று பேச்சு. என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்கிற வழக்கமும் அப்போது கிடையாது.

அந்த நேரத்தில்தான் நாச்சியாபுரத்திலிருந்து தகவல் வந்தது. அங்கே ஒரு அம்மாள், தாயில்லாத தன் அண்ணன் மகனுக்குப் பெண் தேடிக்கொண்டிருந்தார். அம்மன் கோயில் தேரோட்டத்தில் என்னைப் பார்த்தாராம், பிடித்துவிட்டதாம். விசாரித்து வீட்டையும் தெரிந்துகொண்டு சொல்லியனுப்பியிருந்தார். பையனுக்கு வடக்கே ஒரு இரும்பாலையில் வேலை. தீபாவளி லீவில் வருகிறான். தீபாவளிக்கு மறுநாள் பெண் பார்த்தால்தான் உண்டு, அதற்கடுத்த நாள் அவன் ரயிலேற வேண்டும்.

அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தேரோட்டக் கூட்டத்தில் தூரத்திலிருந்து பார்த்திருப்பார்கள், என் தலையில் பூ நிறைய இருந்தது, முடி கண்ணில் பட்டிருக்காது என்று அவளாகவே முடிவு கட்டினாள். கிட்டத்தில் பார்த்தால் இதுவும் கைநழுவிவிடும். உடனே மானகிரியிலிருந்த தங்கைக்கு ஆள் போனது.

அந்தத் தங்கைதான் சீப்புக்காரி. கல்யாணம் முடிந்து பினாங்குக்குப் போய், சில வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியவள். அங்கே பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி வீட்டிலேயே கடை வைத்து, சுருட்டை முடிக்காரிகளுக்கு முடியை நீட்டிவிடுவாளாம். அவளிடம் கற்றுக்கொண்டு, சீப்பையும் ஒன்று வாங்கிப் பெட்டியின் அடியில் போட்டு வந்திருந்தாள். நான் தலையைக் கொடுக்கும் வரை அதை யார் மேலும் அவள் சோதித்துப் பார்த்ததில்லை என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும். தெரிந்திருந்தால் அன்றைக்கே மயக்கம் போட்டிருப்பேன்.

ஆவி ஆகாது

மறுநாள் தீபாவளிக்குச் சின்னம்மா தன் மாமியார் வீட்டில் இருந்தே ஆக வேண்டும். அதனால்தான் முந்தின நாளே வேலையை முடித்தாள். பெண் பார்க்க வரும் அன்று காலையில் வந்துவிடுவதாகச் சொன்னாள். கிளம்பும்போது, "இந்த முடிக்குத் தண்ணிதான் எமன். ஒரு சொட்டுப் பட்டாலும் பழையபடி சுருண்டுக்கிரும்" என்றாள்.

அம்மா திகைத்துப் போனாள். தீபாவளியும் அதுவுமாகப் பெண்பிள்ளை தலைக்கு ஊற்றாமல் இருப்பதா? வருஷத்தில் எந்த நாள் குளிக்காவிட்டாலும் அன்றைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்காத ஜீவன் எங்கள் தெருவில் உண்டா? "அன்னைக்குப் பாத்து மூதேவிய வீட்டுல உக்கார வச்ச மாதிரி ஆயிருமேடி" என்றாள். சின்னம்மா அசையவில்லை. தீபாவளி அடுத்த வருஷமும் வரும், மாப்பிள்ளை வருவானா என்று கேட்டுவிட்டு மழைக்கு முந்திக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

தண்ணீர் மட்டும் இல்லை, காற்றில் இருக்கும் ஈரமே எதிரி. சோறு வடிக்கிற இடத்துக்குப் போகக்கூடாது. இட்லிச் சட்டியைத் திறக்கும்போது பக்கத்தில் நிற்கக்கூடாது. சூடாக எதையும் குடிக்கக்கூடாது, வியர்த்துவிடும். பருத்தித் துணி முடியைச் சிலுப்பிவிடும் என்று அம்மாவின் கூறைப்பட்டைத் தலையில் சுற்றிவிட்டிருந்தார்கள். கல்யாணத்தன்று அவள் கட்டிய பட்டை நான் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தேன்.

இப்போது எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் கரண்டில் சூடாகும் கருவியால் தினமும் முடியை இழுத்து நீட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போகிறாள். வானம் இருட்டினால் துப்பட்டாவால் தலையை மூடிக்கொண்டு அவள் ஓடுகிற ஓட்டத்தைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். கருவிதான் மாறியிருக்கிறது, ஓட்டம் அப்படியேதான் இருக்கிறது.

தீபாவளி விடிந்தது. தெருவெல்லாம் சிகைக்காய் வாசனை. அம்மா நல்லெண்ணெயை விரலால் தொட்டு என் உச்சியில் ஒரு பொட்டு மட்டும் வைத்தாள். எதிர்வீட்டு அக்கா பலகாரம் கொண்டுவந்தவர், நான் குளிக்காமல் முக்காடு போட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். காய்ச்சல் என்று அம்மா சொல்லிவைத்தாள்.

பொய் சொன்னால் அதோடு விட்டதா? கொஞ்ச நேரத்தில் அந்த அக்கா நொச்சி இலை போட்டுக் கொதிக்க வைத்த பானையைத் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். ஆவி பிடித்தால் காய்ச்சல் பறந்துவிடுமாம். கையில் கம்பளி வேறு. அந்தப் பானையிலிருந்து எழும்பிய ஆவியைப் பார்த்ததும் எனக்கு நிஜமாகவே காய்ச்சல் வந்தது போலாகிவிட்டது. அம்மா வாசலில் இரண்டு கையையும் விரித்து மறித்து, எதையோ சொல்லிப் பானையை வாங்கிக்கொண்டு போய்க் கொல்லையில் கொட்டினாள். நல்ல மனசுக்காரி அவர். அன்றைக்கு அவரை ஒரு கொலைகாரியைப் பார்ப்பது போலத்தான் பார்த்தேன்.

அய்யா கொண்டுவந்த கூடை

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. அடைமழை. எங்கள் வீட்டு நடுவில் வானம் பார்த்த முற்றம். நாலு பக்க ஓட்டுத் தண்ணீரும் தகரக் குழாய் வழியாக முற்றத்தில் விழும். அந்தச் சாரலில் வீடு முழுக்க ஈரம். தீப்பெட்டி நமுத்துப்போனது. முறுக்கு நமுத்துப்போனது. என் நெற்றியோரத்துச் சிறு முடிகள் ஒவ்வொன்றாக எழும்பத் தொடங்கின. கண்ணாடியில் பார்த்ததும் பட்டுத்துணியை இன்னும் இறுக்கிச் சுற்றிக்கொண்டேன்.

அய்யா என்னை வந்து பார்த்தார். குடையை எடுத்துக்கொண்டு காளவாய்க்குப் போனார். தீபாவளியன்று காளவாய்ப் பக்கமே போகாத மனுஷர். திரும்பி வரும்போது வண்டியில் கல் சுண்ணாம்பு, ஓலைப்பாயால் மூடிக் கூடை கூடையாக. என் அறையின் நாலு மூலையிலும் கூடைகளை வைத்துக் கதவைச் சாத்தச் சொன்னார். சுட்ட சுண்ணாம்புக்கல் காற்றில் இருக்கிற ஈரத்தையெல்லாம் குடித்துவிடும் என்றார். அதற்கு மேல் விளக்கம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. கூடையைத் தூக்கிய கை சிவந்து வெந்திருந்தது.

காலையில் பார்த்தால் கல்லெல்லாம் விளிம்பில் பூத்து மாவாக உதிர்ந்து கிடந்தது. என் முடி அப்படியே இருந்தது. என் தலைக்கு வர வேண்டிய ஈரத்தையெல்லாம் அய்யாவின் சுண்ணாம்பு குடித்திருந்தது. அப்போதும் அழவில்லை, தடை நீங்கவில்லையே.

"பொண்ணு எங்க?"

சின்னம்மா சொன்னபடி வந்து, எழும்பிய நாலைந்து முடியையும் சீப்பால் அடக்கினாள். சடை பின்னிக் குஞ்சம் வைத்தபோது அது முழங்கால் வரை வந்தது. நடக்கும்போது பின்னாலிருந்து யாரோ தட்டுவது போல இருந்தது. எனக்கு அதுவே பெரிய திகிலாக இருந்தது.

நாச்சியாபுரத்து அம்மாள், அவருடைய அண்ணன், உறவுப் பெண்கள் இரண்டு பேர், மாப்பிள்ளை. மழையில் வில்வண்டி கட்டி வந்தார்கள். எதிர்வீட்டு அக்காவும் இன்னும் சிலரும் வாசலில் கூடிவிட்டார்கள். நான் காப்பித் தட்டோடு தலையைக் குனிந்தபடி வந்து நின்றேன். குனிந்த தலைக்குத் தெரிந்ததெல்லாம் கால்கள்தான். யாரும் காப்பியை எடுக்கவில்லை.

"பொண்ணு எங்க?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

எனக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். அம்மா சிரிக்க முயன்று, இதுதான் பெண் என்றாள்.

"இது இல்ல. தேரோட்டத்தன்னைக்கு எனக்கு முன்னாடி ஒரு பொண்ணு நின்னுச்சு. மொகத்த நான் சரியாப் பாக்கல. தலை பூராச் சுருட்ட முடி. ஒரு அம்மா பொங்கப் பானைய எவனோ ஒருத்தன் காலால தட்டிவிட்டுட்டான். அவன் சட்டையப் பிடிச்சு நிப்பாட்டி, வேற பானை வாங்கி வைக்க வச்சுது அந்தப் பொண்ணு. தாயில்லாத வீட்டுக்கு அப்படி ஒருத்தி வேணும்னுதான் கேட்டு வந்தேன். நீங்க யாரையோ கொண்டாந்து நிப்பாட்டுறீக."

அது நான்தான். அந்தச் சுருட்டை முடியைப் பார்த்துத்தான் என்னைத் தேடி வந்திருக்கிறார்கள். அந்த முடியைத்தான் நாங்கள் நெருப்பில் போட்டு, பட்டில் சுற்றி, சுண்ணாம்புக்கு நடுவில் வைத்துப் பாதுகாத்து இல்லாமல் ஆக்கியிருக்கிறோம்.

அய்யா முன்னால் வந்து, அவள்தான் இவள், முடியைச் சூடு வைத்து நீட்டியிருக்கிறோம் என்று உள்ளதை உள்ளபடி சொன்னார். எங்கள் பக்கம் அப்படி ஒரு வித்தை இருப்பதை யார் கேள்விப்பட்டிருந்தார்கள்? "நீட்டுறதுக்கு அது என்ன ரப்பராங்க?" என்று கேட்டார் அந்த அம்மாள். இளையவளைக் காட்டி மூத்தவளைக் கட்டி வைப்பதும், சித்தி மகளைக் காட்டிச் சொந்த மகளைக் கட்டி வைப்பதும் அந்தக் காலத்தில் நடக்காததா? அவர் நம்பாததில் தப்பே இல்லை. சீப்பைக் கொண்டுவந்து காட்டியிருக்க வேண்டிய சின்னம்மாவோ அடுக்களைக் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

அந்த அம்மாள் எழுந்து குடையைக் கையில் எடுத்தார். வாசலில் நின்றவர்கள் முணுமுணுப்பது எனக்குக் கேட்டது. அவர் இந்தப் படியை இறங்கிவிட்டால், ஆளை மாற்றிக் காட்டிய வீடு என்ற பேர் எங்கள் குடும்பத்துக்கு நிரந்தரமாகிவிடும். அப்புறம் திருப்பத்தூர்க்காரரைத் தவிர எனக்கு வேறு கதியில்லை. அய்யா வெந்த கையைக் கூப்பிக்கொண்டு நின்றார். அதைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது.

முற்றத்தில்

தட்டைக் கீழே வைத்தேன். முற்றத்தில் இறங்கினேன். "ஏத்தா, வேணாம்" என்று அம்மா கத்தியது காதில் விழுந்தது. குஞ்சத்தைப் பிடுங்கி எறிந்து, சடையைப் பிரித்து, தகரக் குழாயிலிருந்து கொட்டுகிற தண்ணீருக்கு நேராகப் போய் நின்றேன்.

ஐப்பசி மழைத் தண்ணீர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். உச்சியில் விழுந்ததும் மூச்சு நின்றுவிட்டது. இரண்டு நாளாக ஒரு சொட்டுப் படாமல் காத்த தலையை இரண்டு கையாலும் கசக்கினேன். முதலில் முடி கன்னத்தோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. தண்ணீர் ஊற ஊற நுனி எழும்பியது. இடுப்புக்குக் கீழே கிடந்தது இடுப்புக்கு ஏறி, இடுப்பிலிருந்து முதுகுக்கு ஏறியது. குழாயை விட்டு விலகி நின்று ஒரு உதறு உதறினேன். அத்தனை பேர் கண் முன்னாலும் அது சுருண்டு சுருண்டு தோளுக்கு வந்தது. எதிர்வீட்டு அக்கா பேயைக் கண்டவர் போல நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"இப்பப் பாருங்க. நான்தான் அது" என்றேன். பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் வாயைத் திறந்ததை நினைத்து எனக்கே பகீரென்றது.

அந்த அம்மாள் குடையைப் போட்டுவிட்டு முற்றத்து ஓரத்துக்கு வந்தார். ஒரு சுருளைப் பிடித்து இழுத்து விட்டார். அது துள்ளிப் பழைய இடத்துக்கே போனது. "இவதான்" என்றார். "இம்புட்டு நல்ல முடிய எதுக்கு ஆத்தா தீயில போட்டீக?"

அவ்வளவுதான். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வாய் திறந்துகொண்டது. சின்னம்மா சீப்போடு வெளியே வந்து பினாங்குக் கதையை ஆரம்பித்தாள். உறவுப் பெண்கள் என் தலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். எங்கே கருகியிருக்கிறது, மறுபடி வளருமா, செம்பருத்தி இலை அரைத்துப் போட்டால் சரியாகுமா என்று பேச்சு. மாப்பிள்ளையின் அப்பா தை மாதத்தில் முகூர்த்தம் பார்க்கலாம் என்றார். நான் ஈரப்பட்டோடு நடுவில் நின்றுகொண்டிருந்தேன். பல் தந்தியடித்தது. விரல் நுனியெல்லாம் விறைத்துவிட்டது. ஒருத்தரும் என்னைப் பார்க்கவில்லை, என் தலையைத்தான் பார்த்தார்கள்.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல். "அத்தை, அவுகளுக்குக் குளிரெடுத்து நடுங்குது. முதல்ல ஒரு துண்டு குடுக்கச் சொல்லுங்க."

எல்லோரும் திரும்பினார்கள். மாப்பிள்ளை. அந்த ஒரு ஆளிடம் யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை. அவர் வந்ததிலிருந்து மூலையில் உட்கார்ந்திருந்தவர். துண்டு எடுக்க யாரும் நகராததால், தன் அப்பாவின் தோளில் கிடந்த துண்டை எடுத்து வந்து முற்றத்துத் தூணருகில் நான் எட்டி எடுக்கிற மாதிரி வைத்தார். வைத்துவிட்டு, நான் துவட்டி முடிக்கும் வரை வாசல் பக்கம் பார்த்தபடி திரும்பி நின்றார்.

அவர்கள் கிளம்பிப் போன பிறகு அய்யா நான் இருந்த அறைக்கு வந்தார். பூத்து உதிர்ந்த சுண்ணாம்புக் கூடைகள் இன்னும் மூலையில் இருந்தன. ஒரு கூடையை ஓரமாகத் தள்ளி வைத்தார். பிறகு, "திருப்பத்தூருக்கும் பதில் சொல்லியாகணும், நாச்சியாபுரத்துக்கும் சொல்லணும். ஒனக்கு என்ன தோணுது ஆத்தா? நீ சொல்றதத்தான் நான் சொல்லுவேன்" என்றார்.

அந்த இரண்டு நாளில் நெருப்பைப் பார்த்துவிட்டேன், மழையைப் பார்த்துவிட்டேன். ஆனால் அய்யா என்னிடம் கேட்டாரே, அதில்தான் நான் ஆடிப்போனேன். என் பெரியம்மாக்களிடமோ அம்மாவிடமோ அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. பேச்சுக்குப் பேர்போன நான் ஒரே வரியில் பதில் சொன்னேன்.

"துண்டு குடுத்தாகள்ல, அவுகளுக்குச் சரின்னு சொல்லிருங்கய்யா" என்றேன்.